பில்லிங்ஸ் வரை ஓடிய வெற்றி

அமெரிக்க மைனர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி வெளியூர்த் தொடருக்குப் புறப்படும் முன்பு, அதன் கடைசிப் பத்து ஆட்டங்களின் வெற்றி தோல்விக் கணக்கை எடுத்துவைத்து, அணி நல்ல ஃபார்மில் இருக்கிறது என்றோ சரிவில் இருக்கிறது என்றோ முடிவுகட்டுவது விளையாட்டுச் செய்தி எழுதுவோரின் நெடுநாள் வழக்கம். பெரிய லீக்கில் இந்தக் கணக்குக்கு ஓரளவு பொருள் உண்டு. மைனர் லீக்கிலோ, அந்தப் பத்து ஆட்டங்களை ஆடியவர்களும் பேருந்தில் ஏறப்போகிறவர்களும் ஒரே ஆட்கள்தானா என்று கேட்காத வரை, அந்தக் கணக்கு எதையும் சொல்வதில்லை. ஃபார்ம் என்பது அணியின் பெயருக்கோ சட்டையின் நிறத்துக்கோ உரியதன்று. சேர்ந்து ஆடும் மனிதர்கள் சேர்ந்தே இருக்கும் வரைதான் அதற்கு உயிர். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் இதுவரை பதிவான மூன்று மிக நீண்ட தொடர்வெற்றிகளும், தம் வீரர்களை மேலிடத்துக்குப் பறிகொடுக்கும் கட்டாயம் இல்லாத அணிகளுக்கே வாய்த்தன என்ற செய்தி இதற்குப் போதிய சான்றாகும்.

அவற்றுள் நீண்டது 1987-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியைச் சொந்த ஊராகக் கொண்ட ட்ராப்பர்ஸ் என்ற அணி, அவ்வாண்டு ஜூன் 25 முதல் ஜூலை 26 வரை ஆடிய 29 ஆட்டங்களையும் வென்று, மறுநாள் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் அவ்வூர் மஸ்டாங்ஸ் அணியிடம் 7-5 என்ற கணக்கில் தோற்றது. உலகில் வேறெந்தத் தொழில்முறை அணிக்கும் எளிதில் கிட்டாத ஒரு ஃபார்மோடு அது பில்லிங்ஸ் மைதானத்தில் இறங்கியது. அந்த ஃபார்ம் எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதைப் புரிந்துகொள்ள, மைனர் லீக் என்ற ஏற்பாட்டை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

தாய்க் கழகமும் வளர்ப்பு அணியும்

மேஜர் லீக் என்பது அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 30 பெரிய கழகங்களின் போட்டி. அதற்குக் கீழே, அந்த 30 கழகங்களுக்கும் கழகத்துக்கு நான்கு வீதம் 120 அணிகள், டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஹை ஏ, லோ ஏ என்ற நான்கு படிகளில் ஆடுகின்றன. 2020-ஆம் ஆண்டு வரை இந்த எண்ணிக்கை 160 அளவில் இருந்தது. 2021-இல் மேஜர் லீக் நிர்வாகம் கீழ்நிலை ஆட்டங்களைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது சுமார் 40 ஊர்கள் தங்கள் அணிகளுக்கான தாய்க் கழகத்தை இழந்தன. எஞ்சிய அணிகளில் பொதுவாக நிலவும் ஏற்பாடு விசித்திரமானது: அரங்கு, டிக்கெட், தின்பண்டக் கடை ஆகியவை உள்ளூர் உரிமையாளர் பொறுப்பு, ஆட்டக்காரர்கள், மேனேஜர், கோச்சுகள் ஆகியோருக்குச் சம்பளம் தருவதும், யார் எங்கே ஆடுவது என்று முடிவுசெய்வதும் தாய்க் கழகம். அரங்கில் உட்கார்ந்து கைதட்டுகிற ஊர்க்காரர் தம் அணி வெல்ல வேண்டும் என்று விரும்ப, அந்த அணியை நடத்துகிறவருக்கோ வெற்றி இரண்டாம்பட்சமாகவும் வீரர்களின் வளர்ச்சி முதன்மையாகவும் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்கு வித்திட்டவர் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தின் நிர்வாகியாக இருந்த பிராஞ்ச் ரிக்கி. 1919-க்குப் பிந்தைய ஆண்டுகளில், வசதி படைத்த கழகங்களோடு விலைபோட்டு வீரர்களை வாங்க முடியாத நிலையில், கீழ்நிலை அணிகளையே விலைக்கு வாங்கி அவற்றில் இளைஞர்களை வளர்த்து மேலே எடுத்துக்கொள்ளும் வழியை அவர் கண்டார்; 1940 அளவில் கார்டினல்ஸின் பிடியில் 30-க்கும் மேற்பட்ட அணிகள் இருந்தன. அதற்கு முன்பு தனித்து நின்ற, தமக்கென வென்ற, தம் வீரரைத் தாமே விலைபேசிய அணிகள், ரிக்கியின் முறை பரவிய பிறகு பண்ணைகளாயின. ஆங்கிலத்தில் அவற்றுக்கு இன்றும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

ஒரு மாநிலக் கிரிக்கெட் அணி ரஞ்சிப் பருவத்தின் நடுவில் தன் முதன்மை ஆட்டக்காரரை இந்திய அணிக்கு அனுப்பிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவதைத் தமிழ் வாசகர்கள் கண்டிருக்கிறார்கள். மைனர் லீக்கில் அது பருவத்துக்கு ஒருமுறை நேரும் செய்தியன்று, வாரந்தோறும் நடக்கும் நடைமுறை. பெரிய கழகம் ஒன்று தன் 40 பேர் பட்டியலில் உள்ள வீரரைக் கீழே அனுப்பினால், காயமடைந்த ஒருவருக்கு மாற்றாகத் தேவைப்பட்டாலன்றி, பேட்டர் பத்து நாளும் பந்தெறிபவர் பதினைந்து நாளும் கீழேயே இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அந்தக் கெடு முடிந்ததும் தொலைபேசி மணி எப்போது வேண்டுமானாலும் ஒலிக்கலாம். இன்னொரு பக்கம், காயத்திலிருந்து மீண்டு வரும் மேஜர் லீக் நட்சத்திரங்கள் பயிற்சிக்காகச் சில ஆட்டங்கள் கீழ் அணியில் இறங்குகிறார்கள். பேட்டருக்கு 20 நாள், பந்தெறிபவருக்கு 30 நாள் வரை இதற்கு அனுமதி. ஆகவே ஓர் அணி பத்தில் எட்டு வென்றது என்றால், அவற்றில் மூன்றை யாரோ ஒரு விருந்தாளி வென்று கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

சால்ட் லேக் சிட்டியிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு, அதுவும் ட்ராப்பர்ஸின் தொடர்வெற்றிக்கு 25 ஆண்டு கழித்து. 2012-ஆம் ஆண்டு அந்நகரின் டிரிபிள் ஏ அணியான பீஸ், லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் கழகத்தின் வளர்ப்பு அணியாக இருந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது. அந்த ஏப்ரலில் மைக் ட்ரௌட் என்ற 20 வயது இளைஞர் பீஸுக்காக 20 ஆட்டங்கள் ஆடி, .403 என்ற பேட்டிங் சராசரியோடு நின்றார். அதாவது நூறு முறை அடிக்க நின்றால் நாற்பது முறை அடி கொண்டு பேஸை எட்டினார். பேஸ்பாலில் முப்பது முறை எட்டுபவரே நல்ல பேட்டர். ஏஞ்சல்ஸ் கழகமோ அந்தப் பருவத்தை 6 வெற்றி, 14 தோல்வி என்று தொடங்கித் தத்தளித்தது. ஏப்ரல் 28 அன்று ட்ரௌட் மேலே அழைக்கப்பட்டார். அவருக்கு இடம் தர, பாபி அப்ரூ என்ற மூத்த ஆட்டக்காரர் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டு முடிவில் ட்ரௌட் ஒருமனதாக அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். பெரிய லீக்கின் வரலாற்றில் இது ஒரு நட்சத்திரத்தின் உதயம். சால்ட் லேக் சிட்டியின் அட்டவணையிலோ, ஏப்ரல் 27 வரையிலான ஆட்டங்களை வைத்து ஏப்ரல் 29-க்குப் பிந்தைய ஆட்டங்களைக் கணிக்க முயன்ற எவருக்கும் கணக்குப் பிசகியிருக்கும். பீஸின் முந்தைய இருபது ஆட்டங்கள் வேறோர் அணியுடையவை. அந்த அணியின் நடுக்கள ஆட்டக்காரர் இப்போது ஏஞ்சல்ஸ் கழகத்தில் இருந்தார்.

வளர்ப்பு அணிகளின் நோக்கம் எவ்வளவு தூரம் வெற்றியிலிருந்து விலகியது என்பதற்கு இந்திய வாசகருக்கு நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. 2008-இல் நடந்த ஒரு திறமைத் தேடல் போட்டியில் தேர்வான உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரையும் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் ஒப்பந்தம் செய்து, 2009-இல் ஃபுளோரிடாவில் உள்ள தன் அடிநிலை அணியில் பந்தெறிய விட்டது. அதற்கு முன்பு பேஸ்பாலையே தொட்டிராத இருவரை ஓர் அணி ஆட்டத்தில் இறக்குகிறது என்றால், அந்த ஆட்டத்தின் முடிவு யாருக்கு முக்கியம் என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஆயினும் அதே ஆண்டு ஜூலையில் ரிங்கு சிங்கின் பெயரில் ஒரு வெற்றி பதிவானது. இந்தக் கதை 2014-இல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று திரைப்படமாகி, அதற்கு ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்ததும் பலர் அறிந்ததே.

பத்து ஆட்டங்கள் சொல்லும் பொய்

வீரர்கள் மாறாமலே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், பத்து ஆட்டங்கள் மிகக் குறைவான சான்று. பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரு அணிகளும் தலா ஒருமுறை, மூன்று பேர் அவுட்டாகும் வரை அடிக்கின்றன. டிரா என்பது ஏறத்தாழ இல்லை. மிகச் சிறந்த மேஜர் லீக் அணியும் பத்துக்கு மூன்று நான்கு தோற்கும்; மிக மோசமான அணியும் பத்துக்கு மூன்று நான்கு வெல்லும். வலிமைக்கும் முடிவுக்கும் இடையே அதிர்ஷ்டத்துக்கு இவ்வளவு இடம் விடுகிற பெரும் குழு விளையாட்டு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை.

சரிபாதி வலிமையுள்ள, அதாவது ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல நூற்றுக்கு ஐம்பது வாய்ப்புள்ள ஓர் அணியை எடுத்துக்கொள்ளலாம். அது பத்து ஆட்டங்களில் ஏழோ அதற்கு மேலோ வெல்லும் வாய்ப்பு, எளிய நிகழ்தகவுக் கணக்குப்படி, 1,024-இல் 176, அதாவது நூற்றுக்குப் பதினேழு. ஏழோ அதற்கு மேலோ தோற்கும் வாய்ப்பும் அதே அளவுதான். இரண்டையும் கூட்டினால், எந்த மாற்றமும் இல்லாத, ஏறவும் இறங்கவும் செய்யாத ஓர் அணியின் பத்து ஆட்டத் துண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு அது வானேறுகிறது என்றோ பாதாளத்தில் விழுகிறது என்றோ தோற்றம் தரும். அந்தத் தோற்றத்தின் மேல்தான் தலைப்புகள் எழுதப்படுகின்றன.

இதைவிட நம்பத் தகுந்த அளவுகோல் ரன் வித்தியாசம். புள்ளியியல் நோக்கில் பேஸ்பாலை ஆராய்ந்த பில் ஜேம்ஸ் முன்வைத்த சூத்திரம் ஒன்று, ஓர் அணி எடுத்த ரன்களின் இருமடியை, எடுத்த ரன்களின் இருமடியும் விட்டுக்கொடுத்த ரன்களின் இருமடியும் சேர்ந்த தொகையால் வகுத்தால், அந்த அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிட்டும் என்கிறது. பத்து ஆட்டங்களில் 55 ரன் எடுத்து 45 ரன் விட்டுக்கொடுத்த அணி, இக்கணக்கின்படி பத்துக்கு ஆறு வென்றிருக்க வேண்டும். அது எட்டு வென்றிருந்தால் இரண்டு வெற்றி கடன்பட்டவை. நான்கு வென்றிருந்தால் இரண்டு வெற்றி பாக்கி நிற்கின்றன. ஒற்றை ரன் வித்தியாசத்தில் வென்ற ஆட்டங்களைத் திறமைக்குச் சான்றாகக் காட்டுவது பழைய பழக்கம். உண்மையில் அவைதான் முதலில் கைவிட்டுப் போகும்.

பேருந்து ஏறிய பின்

2021 முதல் தாய்க் கழகம் உள்ள மைனர் லீக் அணிகள், பெரும்பாலும் செவ்வாய் தொடங்கி ஞாயிறு முடிய ஒரே எதிரணியோடு ஒரே ஊரில் ஆறு ஆட்டங்கள் ஆடிவிட்டுத் திங்களன்று ஓய்வெடுக்கும் முறையில் இயங்குகின்றன. பயணத்தையும் செலவையும் குறைப்பதற்காக வந்த இந்த ஏற்பாடு, வெளியூர்த் தொடரின் தன்மையையே மாற்றிவிட்டது. பல அணிகள் தங்கள் தொடக்கப் பந்தெறிபவர்களை ஆறு பேர் கொண்ட சுழற்சியில் வைத்திருப்பதால், ஒருவர் ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில் எறிகிறார். ஆறு நாளில் எதிரணியின் ஆறு தொடக்கப் பந்தெறிபவர்களையும் சந்தித்தே ஆக வேண்டும். முன்பு மூன்று நாள் தொடரில் எதிரணியின் சிறந்தவரைத் தற்செயலாகத் தவிர்த்துவிட முடிந்தது. இப்போது யாரும் அவரைத் தவிர்க்க முடியாது. அத்தோடு, ஒரே பேட்டர் ஒரே மாற்றுப் பந்தெறிபவரை ஒரு வாரத்தில் இரண்டு மூன்று முறை பார்த்துவிடுகிறார். பந்து கையிலிருந்து புறப்படும் கோணம் ஞாயிற்றுக்கிழமைக்குள் பழகிப்போகிறது. எனவே வெளியூர்த் தொடருக்கு முன்பு கேட்க வேண்டியது, அணி எத்தனை வென்றது என்பதன்று. செவ்வாய், புதன் கிழமைகளில் எறிந்தவர்கள் இன்னும் அணியில் இருக்கிறார்களா, அழைப்பு வந்து போய்விட்டார்களா என்பதே.

சொந்த மைதானத்தின் சாதகம் பேஸ்பாலில் சிறியதுதான். மேஜர் லீக்கில் உள்ளூர் அணிகள் நூற்றுக்கு 54 அளவில் வெல்கின்றன. அதன் ஒரு பகுதி, உள்ளூர் அணி ஒவ்வோர் இன்னிங்ஸிலும் இரண்டாவதாக அடிப்பதால், கடைசி வாய்ப்பில் தனக்கு எத்தனை ரன் தேவை என்பதை அறிந்தே களமிறங்குவதில் கிடைக்கிறது. மற்றொரு பகுதி, வேலிகளின் தூரமும் காற்றின் போக்கும் அன்றாடம் பழகியவருக்கு எளிதாக இருப்பதில் கிடைக்கிறது. இந்த விகிதத்தையே மைனர் லீக்குக்கும் பொருத்தினால், சம வலிமையுள்ள எதிரியின் ஊரில் ஆறு ஆட்டம் ஆடும் அணி இரண்டோ அதற்குக் குறைவோ வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 42. அதாவது, ஆறில் இரண்டு வென்று வீடு திரும்பும் அணியைப் பற்றிச் சரிவு என்று எழுதுகிறவர், எந்த மாற்றமும் இல்லாமலே பாதிக்குச் சற்றுக் குறைவான தடவைகளில் நேரக்கூடியதைச் சரிவாக எழுதுகிறார்.

சம்பளம் பற்றியும் ஒரு சொல். 2023 மார்ச்சில் மைனர் லீக் வீரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை, லோ ஏ வீரர் ஒருவரின் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் 11,000 டாலர் அளவில்தான் இருந்தது; ஒப்பந்தத்துக்குப் பின் அது 26,200 டாலராகவும், டிரிபிள் ஏ ஊதியம் 35,800 டாலராகவும் உயர்ந்தன. வெளியூர்ப் பயணத்தில் உடல் சோர்வதைப் பற்றிப் பேசுவோர், அந்த உடல் எதைத் தின்று வளர்ந்தது என்பதையும் நினைவில் கொள்வது நல்லது.

தாய் இல்லாத மூன்று அணிகள்

தொடர்வெற்றிச் சாதனைக்கு மீண்டும் வருவோம். 1987-க்கு முன்பு மைனர் லீக்கின் சாதனை 27 ஆட்டங்கள். அதை இரண்டு அணிகள் பகிர்ந்துகொண்டிருந்தன. முதலாவது, 1902-இல் டெக்சஸ் லீக்கில் ஆடிய கோர்சிகானா. எண்ணெய் கண்டெடுக்கப்பட்டுத் திடீரெனப் பெருத்த அந்தச் சிற்றூரின் அணி, அவ்வாண்டு ஜூன் 15 அன்று டெக்சர்கானா அணியை 51-3 என்று தோற்கடித்து, பேஸ்பால் வரலாற்றின் மிக விநோதமான ஸ்கோர்களில் ஒன்றையும் விட்டுச்சென்றது. கோர்சிகானாவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தடை இருந்ததால், வேலி மிகக் கிட்டத்தில் இருந்த எனிஸ் என்ற பக்கத்து ஊர் மைதானத்தில் அந்த ஆட்டம் நடந்தது. கேட்சர் ஜே கிளார்க் மட்டும் எட்டு முறை பந்தை வேலிக்கு வெளியே அடித்ததாகப் பதிவு சொல்கிறது. ரன் வித்தியாசம் என்ற அளவுகோலும் மைதானத்தை மறந்தால் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சிறந்த எச்சரிக்கை கிடைக்காது.

இரண்டாவது, 1921-இல் இன்டர்நேஷனல் லீக்கில் ஆடிய பால்டிமோர் ஓரியோல்ஸ். உரிமையாளரும் மேனேஜருமான ஜாக் டன், 1914-இல் பேப் ரூத் என்ற இளைஞரைக் கண்டெடுத்துப் பணநெருக்கடியால் விற்க நேர்ந்தவர். அந்த அனுபவத்துக்குப் பின் அவர் நடத்திய அணி 1919 முதல் 1925 வரை ஏழாண்டு தொடர்ச்சியாக லீக் பட்டத்தை வென்றது. கீழ்நிலை வீரர்களைக் குறிப்பிட்ட விலைக்குக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளும் பெரிய லீக்கின் உரிமைக்கு அந்த லீக் அப்போது உட்படாமல் இருந்ததே இதற்கு முதற் காரணம். மேஜர் லீக் அணிகள் கண் வைத்திருந்த லெஃப்டி க்ரோவ் என்ற இடக்கைப் பந்தெறிபவரை டன் 1920 முதல் 1924 வரை தன்னிடமே வைத்திருந்து, பிறகு பிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ் கழகத்துக்கு 1,00,600 டாலருக்கு விற்றார். 27 தொடர்வெற்றி கண்ட 1921-ஆம் ஆண்டின் அணி 119 வெற்றி, 47 தோல்வி என்று பருவத்தை முடித்தது. ஆயினும் பருவ முடிவில் லூயிவில் அணியோடு நடந்த மைனர் லீக் இறுதித் தொடரில் அது தோற்றுப்போனது.

மூன்றாவதான ட்ராப்பர்ஸின் பிறப்பு, ஓர் இழப்பிலிருந்து நேர்ந்தது. சால்ட் லேக் சிட்டியின் டிரிபிள் ஏ அணி 1984 பருவத்தோடு கனடாவின் கால்கரிக்கு இடம்பெயர்ந்தபோது, வெறுமையான டெர்க்ஸ் ஃபீல்ட் அரங்கில் ஆட, தாய்க் கழகம் எதுவும் இல்லாத ஓர் அணி 1985-இல் அமைக்கப்பட்டது. 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' படத்தால் உலகப் புகழ் அடைந்திருந்த நடிகர் பில் மரே அதன் பங்குதாரர்களில் ஒருவர். அந்நாளில் ஒவ்வொரு ஜூனிலும் நடந்த வீரர் தேர்வில் மேஜர் லீக் கழகங்கள் எதுவும் பெயர் சொல்லாத கல்லூரி ஆட்டக்காரர்களும், எடுக்கப்பட்டுப் பின் கைவிடப்பட்டவர்களும் அதில் சேர்ந்தார்கள். அவர்கள் ஆடிய பயனியர் லீக், அப்போது ஜூன் நடுவில் தொடங்கிச் செப்டம்பர் தொடக்கத்தில் முடியும் 70 ஆட்டக் குறுகிய பருவம் கொண்டிருந்தது. எதிரணிகள் பெரும்பாலும் பெரிய கழகங்களின் அடிநிலை அணிகள், பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன்கள் நிறைந்தவை. ட்ராப்பர்ஸோ கல்லூரி முடித்த இருபத்திரண்டு வயதுக்காரர்களைக் கொண்டது. இந்த வயது வித்தியாசத்தை அந்தத் தொடர்வெற்றியின் புகழுரைகள் சற்று விரைவாகவே கடந்துபோகின்றன.

அதைவிடப் பெரிய வித்தியாசம், அந்த அணியிலிருந்து யாரையும் மேலே அழைக்க மேலே யாருமில்லை என்பது. அதே 1987 ஜூனில் சியாட்டில் மரினர்ஸ் கழகம் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்த 17 வயது கென் க்ரிஃபி ஜூனியர், பெல்லிங்ஹம் என்ற ஊரின் குறுகிய பருவ அணியில் அந்தக் கோடையைக் கழித்தார். மறுஆண்டு சான் பெர்னார்டினோ, அதே ஆண்டிலேயே வெர்மான்ட், 1989 ஏப்ரலில் சியாட்டில். அவர் கடந்துபோன ஒவ்வோர் ஊரும் அவரை வைத்து ஃபார்ம் கணக்குப் போட்டிருக்கும்; ஒவ்வோர் ஊரும் அவரை இழந்தது. ட்ராப்பர்ஸ் வீரரை எவரேனும் விலை கொடுத்து வாங்கினாலன்றி, அவர் பருவம் முழுதும் டெர்க்ஸ் ஃபீல்டில்தான் இருப்பார். அவர்களில் பெரும்பாலோர் பெரிய லீக்கை எட்டவே இல்லை. எட்டக்கூடியவர்களாக அவர்களை எவரும் கருதியிருந்தால், அந்த 29 வெற்றிகள் நிகழ்ந்தே இருக்காது.

29-இன் எடை

1987 பருவத்தை ட்ராப்பர்ஸ் 49 வெற்றி, 21 தோல்வியோடு முடித்தது. எழுபதுக்கு நாற்பத்தொன்பது என்பது சரியாக நூற்றுக்கு எழுபது. ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்ல நூற்றுக்கு எழுபது வாய்ப்புள்ள அணி, குறிப்பிட்ட 29 ஆட்டங்களை வரிசையாக வெல்லும் வாய்ப்பு சுமார் 31,000-இல் ஒன்று. 70 ஆட்டப் பருவத்தில் அந்தத் தொடர் எங்கே வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதால், அப்படியோர் அணிக்கு ஏறத்தாழ 2,300 பருவங்களுக்கு ஒருமுறை அது வாய்க்கும். நூற்றுக்கு எண்பது வலிமை என்று வைத்தால் எண்கள் மிகவும் இளகிவிடும். அந்த அளவு வலிமை அந்த அணிக்கு இருந்ததா என்பதுதான் கேள்வி.

மொத்தக் கணக்கிலிருந்து 29 வெற்றிகளைக் கழித்துவிட்டால் எஞ்சுவது 20 வெற்றி, 21 தோல்வி. தொழில்முறை பேஸ்பாலில் மிக நீண்ட தொடர்வெற்றியைப் பெற்ற அணி, அந்தத் தொடருக்கு வெளியே பாதிக்கும் ஒரு படி கீழே நின்றது. வெற்றிகளை மட்டும் பொறுக்கியெடுத்து நீக்கிவிட்டு எஞ்சியதை எடைபோடுவது நியாயமன்று என்ற ஆட்சேபம் சரியானதே. எந்த அணியின் வெற்றிகளை நீக்கினாலும் அது சிறுத்துத்தான் போகும். இருந்தும், பில்லிங்ஸ் ஆட்டத்துக்கு முன்பு 29-0 என்ற எண்ணைப் பார்த்த எவரும், வெல்ல முடியாத ஓர் அணியைப் பார்ப்பதாக நினைத்திருப்பார். அவர் பார்த்ததோ நல்ல, சேர்ந்தே இருந்த, அதிர்ஷ்டமும் உடன் நின்ற ஓர் அணியை.

பயனியர் லீக்கின் பயணங்கள் அந்த அதிர்ஷ்டத்துக்கு எதிராக நின்ற முதற் சக்தி. 1939-இல் தொடங்கிய அந்த லீக்கின் ஊர்கள், யூட்டா, ஐடஹோ, மான்டானா, எல்லைக்கு அப்பால் கனடாவின் ஆல்பர்டா என்று ராக்கி மலைத்தொடரின் இருபுறமும் சிதறிக் கிடந்தன. போகடெல்லோவும் ஐடஹோ ஃபால்ஸும் சால்ட் லேக் சிட்டிக்கு அண்டை ஊர்கள். ப்யூட், ஹெலினா, க்ரேட் ஃபால்ஸ் ஆகியவை ஒரு நாள் பயணம். மெடிசின் ஹாட் போய்வர எல்லைச் சோதனையும் கடக்க வேண்டும். பில்லிங்ஸ் சுமார் 900 கி.மீ.; இடையில் மலைக் கணவாய்களில் ஏறி இறங்கிப் பேருந்தில் போகும் தூரம். சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், மெல்லிய வறண்ட காற்றில் பந்து எளிதாகப் பறக்கும் டெர்க்ஸ் ஃபீல்டில் ஓங்கி அடித்துப் பழகியவர்கள், யெல்லோஸ்டோன் ஆற்றங்கரையில் அதைவிடத் தாழ்ந்த சமவெளியில் உள்ள பில்லிங்ஸின் அன்றைய காப் ஃபீல்டில் அதே அடியை அடித்தால், பந்து சில அடி முன்னதாகவே இறங்கும். சின்சினாட்டி ரெட்ஸ் கழகத்தின் வளர்ப்பு அணியாக இருந்த மஸ்டாங்ஸ், அந்த மைதானத்தை அறிந்த அணி.

7-5 என்ற ஸ்கோர், ஃபார்ம் கணக்கில் எதையும் புரட்டிவிடுவதன்று. வெளியூரில் இரண்டு ரன்னில் தோற்பது எந்த அணிக்கும் மாதத்துக்குப் பலமுறை நேர்வதே. ட்ராப்பர்ஸ் அந்தத் தோல்வியால் நொறுங்கவும் இல்லை. 1985, 1986-ஐத் தொடர்ந்து 1987-இலும் லீக் பட்டத்தை அதுவே வென்றது, 1991-இல் நான்காம் முறையாகவும் வென்றது. அந்த அணியின் கதையை முடித்துவைத்தது எந்த எதிரணியுமன்று. டிரிபிள் ஏ அணியொன்று மீண்டும் சால்ட் லேக் சிட்டிக்கு வருவது உறுதியானதும், சொந்தமாக நின்ற அணிக்கு அந்த நகரில் இடமில்லாமல் போனது. 1992 பருவமே அங்கே அதன் கடைசி. 1994-இல் டெர்க்ஸ் ஃபீல்ட் இடிக்கப்பட்ட இடத்திலேயே புதிய அரங்கு எழுந்தது. ட்ரௌட் அந்த இருபது ஆட்டங்களை ஆடிய பருவத்தில் பீஸின் சொந்த மைதானம் அதுதான். பீஸ் 2025-இல் புறநகரான சௌத் ஜோர்டானுக்கு நகர்ந்துவிட்டது.

2021 சீரமைப்பில் பயனியர் லீக் முழுவதுமே தாய்க் கழகங்களை இழந்தது. பில்லிங்ஸ் மஸ்டாங்ஸும் 1974 முதல் தொடர்ந்த ரெட்ஸ் உறவை விட்டு, ட்ராப்பர்ஸைப் போலவே தனித்து நிற்கும் அணியாயிற்று. 1987-இல் ட்ராப்பர்ஸுக்கு இருந்த நிலைமை இன்று அந்த லீக்கின் எல்லா அணிகளுக்கும் பொது என்பதால், அங்கே ஃபார்ம் கணக்குக்கு முன்பைவிட மதிப்புக் கூடியிருக்க வேண்டும். ஆனால் அந்த லீக் அதே ஆண்டில் வேறொரு மாற்றத்தையும் கொண்டுவந்தது: ஒன்பது இன்னிங்ஸில் சமநிலை ஏற்பட்டால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடுவதற்குப் பதிலாக, அணிக்கு ஒரு பேட்டரை நிறுத்தி, குறிப்பிட்ட சில பந்துகளில் யார் அதிகம் வேலிக்கு வெளியே அடிக்கிறாரோ அவருடைய அணியே வென்றதாக அறிவிக்கிறார்கள். ஆகவே, மஸ்டாங்ஸ் அடுத்த வெளியூர்த் தொடருக்குப் புறப்படும் நாளில் அதன் கடைசிப் பத்து ஆட்டங்களைப் படிக்கிறவர், அணியில் யார் இருக்கிறார், யார் விலைபோய்விட்டார் என்பதோடு, அந்தப் பத்தில் எத்தனை, ஒற்றை பேட்டரின் நாலைந்து அடிகளால் முடிவாயின என்பதையும் தனியே எண்ணி ஒதுக்க வேண்டியிருக்கிறது.